நின்றால் இறங்கும் ரத்தம்

காஷ்பருக்கு உட்காருகிறவர்களைக் கண்டால் ஆகாது. தாத்ரா மலையில் சுற்றுலாக்காரர்கள் தங்குகிற மேல் குடிலுக்குச் சுமை தூக்குகிறவன் வழியில் உட்காரக் கூடாது. அது அவன் மானத்தோடு சேர்ந்த விஷயம். மாவு மூட்டை, எரிவாயு உருளை, பியர் பீப்பாய், எதுவாக இருந்தாலும் மரத்தால் செய்த சுமைச்சட்டத்தில் கட்டி முதுகில் ஏற்றிவிட்டால் குடில் வாசலில்தான் இறக்க வேண்டும். நடுவில் மூச்சு வாங்க வேண்டுமானால் பாறை விளிம்பில் சட்டத்தின் அடியைச் சாய்த்து நின்றுகொள்ளலாம். உட்கார்ந்தால் அவன் சுமைகாரன் இல்லை, சுற்றுலாக்காரன்.

சுற்றுலாக்காரர்களிடம் சுமைகாரர்கள் பேசுவது ஒரே ஒரு வாக்கியம்தான். "மெதுவா வாங்க, அவசரமில்ல." வழியோரம் நாக்குத் தள்ளி உட்கார்ந்திருப்பவனைத் தாண்டும்போது திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்பவன் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டு நன்றி சொல்வான். பாவம். ஆள் கணக்கிலேயே சேராதவனுக்குச் சொல்கிற வார்த்தை அது என்று அவனுக்கு யார் சொல்வது?

தங்களுக்குள் அவர்கள் பேசும் பாஷை வேறு. அதில் அம்மா, பாட்டி, ஆடு, மாடு எல்லாம் வரும். மத்தூஷ் என்கிற கூட்டாளி காஷ்பரைக் "கிழக்கழுதை" என்றுதான் கூப்பிடுவான். காஷ்பருக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போதே அந்தப் பெயர் வைத்தாகிவிட்டது. பெயருக்கு ஏற்ற வயது வந்து சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை.

காஷ்பரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் எழுத அதிகம் இல்லை. மரம் அறுக்கும் ஆலையில் கொஞ்ச நாள், பட்டாளத்தில் கொஞ்ச நாள், மீதி முழுவதும் மலைதான். பட்டாளத்து டாக்டர் அவன் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உன் இதயம் தூங்குதா, வேலை பார்க்குதா?" என்று கேட்டாராம். அதை அவன் கல்யாணப் பேச்சின்போது ஜோஃபியாவிடம் சொன்னான். பெண் பார்க்க வந்தவன் வேறு எதைச் சொல்வான்? குடிலின் சமையலறையில் இப்போதும் எரிகிற இரும்பு அடுப்பை முதுகில் ஏற்றிக் கொண்டுபோனவன் அவன்தான். அந்த அடுப்பைத் தொட்டுப் பார்க்காமல் அவன் ஒரு நாளும் மலை இறங்கியதில்லை.

கெட்ட காலம் நல்ல செய்தி மாதிரிதான் முதலில் வந்தது. ஒரு ஜூலை மாதத்தில் மத்தூஷின் சட்டையைப் பிழிந்தால் ஆறு ஓடும் என்கிற வெயில். காஷ்பரின் சட்டை காய்ந்து கிடந்தது.

"வேர்வைகூட உனக்குக் கஞ்சத்தனமாத்தான்டா வருது, கிழக்கழுதை," என்றான் மத்தூஷ்.

"உன்னை மாதிரி நான் பன்றிக்கொழுப்பு தின்னு வளரலடா. எனக்கு எதுக்கு வேர்க்கணும்?"

சிரித்தார்கள். அதன் பிறகு பிடரியிலிருந்து இரண்டு தோள்களுக்கும் ஒரு வலி பிடித்தது. சுமைச்சட்டத்தின் வார் விழுகிற அதே இடம். அவன் வாருக்கு ஆட்டுத்தோல் வைத்துத் தைத்தான். வலி போகவில்லை, படுத்தால் மட்டும் போயிற்று. எந்த வார் வலிதான் படுத்தால் போகாது என்று அவன் நினைத்துக்கொண்டான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அடுத்த வருஷம் காலையில் கட்டிலிலிருந்து எழுந்தால் கண் ஓரங்களிலிருந்து இருள் ஊர்ந்து வரத் தொடங்கியது. பேச்சு சத்தம் பக்கத்து வீட்டில் கேட்கிற மாதிரி தூரமாகப் போகும். மதியம் வயிறு நிறைய ஹலுஷ்கி, அதுதான் அந்த உருளைக்கிழங்கு உருண்டை, அதைத் தின்றுவிட்டு எழுந்தால் இன்னும் மோசம். அடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மலைக்காரர்களிடம் இதற்கெல்லாம் ஒரே மருந்து உண்டு. கால் சுளுக்கா, நெஞ்செரிச்சலா, பெண்டாட்டி சண்டையா, நடந்து தீர்த்துக்கொள். தலைசுற்றலுக்கு மட்டும் வேறு மருந்தா இருக்கும்? அவன் இன்னும் கொஞ்சம் கனமாகக் கட்டிக்கொண்டு நடந்தான்.

ஜோஃபியா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். வேலையைச் செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பவள். அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் மாதா படத்துக்குப் பக்கத்தில் பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று இருக்கும், அவளிடமும் இருந்தது. புருஷனைச் சமையலறை பெஞ்சில் மல்லாக்கப் படுக்கவைத்து, பேசாதே, அசையாதே என்று அதட்டி, வெகுநேரம் ஓய்வு கொடுத்துவிட்டுப் பட்டையைக் கட்டுவாள். கருவி நூற்று எண்பது காட்டியது.

"ஏய்யா, உன் ரத்தம் கொதிக்குதுய்யா!"

"நாப்பது படி ஏறினா இளைக்கிற உன் தம்பிக்குக் கொதிக்கும். எனக்கு ஏன்டி கொதிக்கணும்?"

"உப்பு. நீ திங்கிற உப்பு ஒரு ஆட்டு மந்தைக்குப் போதும்."

அன்றோடு உப்பு நின்றது. உப்புப்போட்ட பன்றிக்கொழுப்பு, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, புளித்த முட்டைக்கோஸ் சூப் எல்லாம் வீட்டைவிட்டுப் போயின. ஊர் டாக்டரும் படுக்கவைத்துத்தான் பார்த்தார். பிரஷரை இறக்க மாத்திரை கொடுத்தார், பிறகு, "உடற்பயிற்சி பண்ணுங்க, தானா இறங்கும்," என்றார்.

"எவ்வளவு பண்ணணும் டாக்டர்? மேல் குடில் வரைக்கும் போதுமா?" என்று கேட்டான் காஷ்பர்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்து அசடு வழிந்தார். ஆனாலும் அவர் சொன்னதில் பொய் இல்லை. ஜோஃபியாவின் தம்பி தினமும் ஆற்றங்கரையில் நடந்தே பிரஷரை வழிக்குக் கொண்டுவந்திருந்தான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். எல்லாருக்கும் அமிர்தமாக இருப்பது தன் ஒருவனுக்கு விஷமாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? காஷ்பர் உப்பில்லாத சூப்பைக் குடித்து, மாத்திரையை விழுங்கி, ஒரு நடைக்கு இரண்டு நடையாக மலை ஏறினான்.

மேல் குடிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. சுமைகாரன் வாசலுக்கு வந்ததும் சுமையை இறக்குவதற்கு முன்னால், நின்ற நிலையிலேயே ஒரு சின்னக் குவளை பொரோவிச்கா சாராயம் குடிக்க வேண்டும். குடிலை நடத்துகிற பிளாஜெய் தன் கையாலேயே கொண்டுவந்து நீட்டுவான். அதைக் குடித்துவிட்டு, ஒரு வசவு வாங்கிக்கொண்டு, பிறகுதான் சுமை இறங்கும். ஆகஸ்டு மாதம், வாசல் பெஞ்சுகளில் சுற்றுலாக்காரர்கள் நிறைந்திருந்த ஒரு நண்பகலில், காஷ்பர் பீப்பாயோடு வந்து நின்று குவளையை வாயில் கவிழ்த்தான். பிளாஜெயின் தாடி அசைவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. அடுத்து அவனுக்குத் தெரிந்தது வானம். பீப்பாய் முற்றத்தில் உருண்டுகொண்டிருந்தது.

"ஒரு குவளைக்கே சாஞ்சிட்டான்டா!" என்றான் மத்தூஷ். "வழியில எத்தனை போட்டே?"

"ஒண்ணும் போடல."

"பொய் சொல்றவன் நின்னுக்கிட்டு சொல்லணும்."

பெஞ்சுகள் சிரித்தன. காஷ்பரும் தரையில் கிடந்தபடியே சிரித்தான். விழுந்த உடனே தலை பளிச்சென்று தெளிந்துவிட்டதுதான் அவனுக்கு விசித்திரமாக இருந்தது. குடிகாரன் என்று ஊருக்குள் பேச்சு வந்தது. அவன் அதை மறுக்கவில்லை. மலைச்சுமைகாரனுக்குக் குடிகாரன் என்கிற பெயரோடு வாழ முடியும். நிற்க முடியாதவன் என்கிற பெயரோடு முடியாது.

குடிலுக்குக் கீழே, சங்கிலி பிடித்து ஏறுகிற பாறைச் சந்து ஒன்று இருக்கிறது. செப்டம்பரில் ஒரு நாள் எரிவாயு உருளையோடு காஷ்பர் முன்னால் ஏறினான், மத்தூஷ் பின்னால். சந்தின் மேல்முனையில் மூச்சு வாங்க வழக்கம்போல் சட்டத்தைச் சாய்த்து நின்றான். ஏறும்போது இருட்டாத கண் நின்றதும் இருண்டது. கை சங்கிலியை விட்டது. உருளையோடு அவன் பின்னால் சரிய, மத்தூஷ் தன் உடம்பையே சுவராகக் கொடுத்துத் தாங்கினான். அவனது இடதுகையின் இரண்டு விரல்கள் பாறைக்கும் இரும்பு உருளைக்கும் நடுவில் நசுங்கிப்போயின.

ரத்தம் சொட்டும் கையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மத்தூஷ் கத்தினான். "சாகறதுன்னா தனியா சாவுடா, கிழக்கழுதை! என்னை ஏன்டா துணைக்குக் கூப்பிடறே?"

அந்த வசவு காஷ்பரின் காதில் தேனாகப் பாய்ந்தது. திட்டுகிறான் என்றால் இன்னும் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

பிளாஜெய் மட்டும் சிரிக்கவில்லை. "கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் என் குடிலுக்கு ஒரு ரொட்டிகூட நீ தூக்கக் கூடாது," என்றான்.

"முப்பது வருஷமா தூக்கறேன்."

"அதனாலதான் ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்றேன். வேற எவனா இருந்தாலும் வீட்டுக்குப் போன்னு சொல்லியிருப்பேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் லுட்மிலா அவனை ஒரு நீளமான மேசையில் படுக்கவைத்தாள். நெஞ்சிலும் முழங்காலிலும் பட்டைகள் கட்டினாள்.

"நல்லாக் கட்டறீங்க டாக்டர். எங்க கூட்டத்துல சேர்த்துக்குவாங்க," என்றான் காஷ்பர்.

மேசை மெதுவாகத் தலைப்பக்கம் எழும்பி அவனை நிமிர்த்தியது. ஜோஃபியா கைப்பையை இறுக்கிக்கொண்டு, பிரஷரும் நாடியும் காட்டுகிற திரையைப் பார்த்தபடி இருந்தாள். காஷ்பர் அடுப்புக் கதையைத் தொடங்கியிருந்தான். "அந்த அடுப்பை நான் முதுகில ஏத்தினப்போ பிளாஜெயோட அப்பன் என்ன சொன்னான்னா..." என்றவன் அப்படியே நின்றுபோனான். வாய் திறந்திருந்தது, கண்ணில் ஆள் இல்லை. திரையில் பிரஷர் எண் பாதிக்குக் கீழே சரிந்தது. நாடி எண் மட்டும் தூக்கம் கலையாமல் அங்கேயே இருந்தது. டாக்டர் மேசையைச் சாய்த்தாள்.

"...கதவை இடிச்சிடாதேடா, கதவு புதுசுன்னு சொன்னான்," என்று முடித்துவிட்டு அவன் சிரித்தான். நடுவில் தான் இல்லாமல்போனது அவனுக்குத் தெரியவில்லை. ஜோஃபியா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கழுத்துல ரெண்டு பக்கமும் ரத்தக்குழாய்ல காவல் மாதிரி ஒண்ணு இருக்கு. நீங்க எழுந்து நின்னா ரத்தம் காலுக்கு இறங்கும். உடனே காவல் மூளைக்குச் சொல்லும், மூளை நரம்பு வழியா ரத்தக்குழாய்களை இறுக்கும், இதயத்தை விரட்டும். எல்லாம் கண் இமைக்கிற நேரத்துல. மலை ஏறும்போது இது இன்னும் பெரிய வேலை. கால் தசைக்கு ரத்தம் வேணும்னு அங்க குழாய் எல்லாம் திறந்துக்கும். அப்போ வயித்துல, மத்த இடத்துல நரம்பு குழாயை மூடினாத்தான் தலைக்கு ரத்தம் மிஞ்சும்."

"அது எனக்கு நல்லாத்தானே நடந்துச்சு?"

"பிரமாதமா நடந்துச்சு. தினமும் உடம்பை வளைச்சு வேலை பண்றவங்களுக்கு இந்தக் காவல் நல்லா கூர்மையா இருக்கும். ஆனா இப்போ அந்த நரம்புங்க செத்துக்கிட்டிருக்கு. ஏன்னு எங்களுக்குத் தெரியல. வேர்வை நின்னதும் அதனாலதான். தோள்வலி வாரால இல்ல, நிக்கும்போது அந்தத் தசைக்கு ரத்தம் வராததால. நீங்க நடந்தா கால்ல குழாய் திறக்குது, மூடறதுக்கு ஆள் இல்ல. நடக்கற வரைக்கும் கால் தசையாவது பிழிஞ்சு கொஞ்சம் ரத்தத்தை மேல தள்ளும். நின்னீங்கன்னா அதுவும் போச்சு."

"இன்னும் அதிகமா நடந்து பழக்கிட்டா?"

"மத்தவங்களுக்கு நடைதான் மருந்து. உங்களுக்கு அதுதான் விழ வைக்குது."

ஜோஃபியா குறுக்கிட்டாள். "படுக்கவெச்சுப் பார்த்தா அவ்வளவு காட்டுச்சே டாக்டர்?"

"படுத்தா ஏறும். இறக்கறதுக்கும் அதே நரம்புதானே வேணும். நீங்க நிக்கவெச்சுப் பார்த்ததில்ல."

"நான் அவருக்கு உப்பே போடலையே," என்றாள் ஜோஃபியா. "கோடை முழுக்கப் போடலையே."

உப்பு இருந்திருந்தால் உடம்பில் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்கும், விழுவது குறைந்திருக்கும் என்று டாக்டர் சொல்லத்தான் வேண்டியிருந்தது. மாத்திரையை நிறுத்தச் சொன்னாள், உப்பைக் கூட்டச் சொன்னாள், இடுப்புவரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை எழுதிக் கொடுத்தாள். குணமாகுமா என்று காஷ்பர் கேட்டான். ஆகாது என்றாள். சுற்றி வளைக்காமல் சொன்னதற்காக அவளை அவனுக்குப் பிடித்திருந்தது. வெளியே வந்து காரில் உட்கார்ந்தபின் அழுதான். ஜோஃபியா அவனை அப்படிப் பார்த்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் காரின் கண்ணாடியைத் துடைத்தாள்.

உடற்பயிற்சி முழுக்கக் கூடாது என்றில்லை, படுத்துக்கொண்டு செய்யலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒரே இடத்தில் நிற்கிற மிதிவண்டி ஒன்றை இரவலாகத் தந்தார்கள். சமையலறை நடுவில் அதை வைத்து, மல்லாந்து சாய்ந்து, அவன் மிதித்தான். பியர் பீப்பாயை மேகத்துக்குள் கொண்டுபோனவன், அசையாத வண்டியில் முட்டைக்கோஸ் வாசனைக்கு நடுவே வியர்க்காமல் மிதித்தான்.

"எவ்வளவு தூரம் வந்துட்டேன், பாரு," என்பான்.

"அடுப்பு வரைக்கும்," என்பாள் ஜோஃபியா.

முதலில் அதற்குச் சிரித்தார்கள், பிறகு அவள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். இரவில் தட்டையாகப் படுத்தால் பிரஷர் எகிறும் என்பதால் கட்டிலின் தலைப்பக்கத்துக்கு விறகுக்கட்டைகளை அண்டை கொடுத்திருந்தார்கள். அவன் சரிந்து சரிந்து கால்மாட்டுக்கு வந்து சேரும்போது காலை விடியும். படுத்தால் ஏறுகிறது, நின்றால் இறங்குகிறது. மனிதனுக்கு மூன்றாவதாக என்ன இருக்கிறது? உட்காருவதுதான் இருக்கிறது. காஷ்பர் உட்கார்ந்தான். நாள் முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

மத்தூஷ் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தான். ஜோஃபியா அப்போதுதான் அந்தக் காலுறையைப் புருஷனுக்கு மாட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். சதை நிறத்தில், பெண்கள் போடுவது மாதிரி, இடுப்புவரை. காஷ்பர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். இந்தக் காட்சியை வைத்து மத்தூஷ் ஒரு வருஷம் ஓட்டுவான், ஊர் முழுக்கச் சொல்வான், குடிலில் நடித்தே காட்டுவான். வசவு ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது மத்தூஷ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, "இந்த வருஷம் பனி சீக்கிரம் வரும்போல," என்றான்.

அக்டோபர் கடைசி, பனி மூடுவதற்கு முன் குடிலுக்குப் போகிற கடைசிச் சுமைகள். அன்று காலை அவன் இரண்டு குவளைத் தண்ணீர் குடித்து, கைநிறைய உப்புப்போட்ட கொழுப்பைத் தின்று, காலுறையைத் தானே மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

"போகாதேய்யா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"ரொட்டி மட்டும்டி. அடுப்பைத் தொட்டுட்டு வந்துடறேன்."

"நான் உன்னை நிறுத்த மாட்டேன். உப்பை நிறுத்தினதே போதும்," என்று சொல்லிவிட்டு அவள் இன்னும் கொஞ்சம் கொழுப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

கீழ்க் கிடங்கில் மத்தூஷ் மறுத்துப் பார்த்தான். பிளாஜெய் சொன்னதை நினைவுபடுத்தினான். கடைசியில், மேலே போய் பிளாஜெயிடம் தானே பேசிக்கொள்வதாகக் காஷ்பர் சொன்னதும், ஒரு ரொட்டி மூட்டையை அவன் சட்டத்தில் கட்டிவிட்டான். "நீ முன்னால போ, நான் பீப்பாயைக் கட்டிட்டு வரேன்," என்றான்.

காட்டுக்குள் சமதளப் பாதை நன்றாகத்தான் இருந்தது. கால் பழைய தாளத்தைப் பிடித்துக்கொண்டது. ஏற்றம் தொடங்கியதும் தோளில் வலி வந்தது, பிறகு கண்ணோரத்து இருள். காஷ்பர் சுற்றிலும் பார்த்துவிட்டு ஒரு குட்டைப் பைன் புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். வாழ்க்கையில் முதல்முறையாகச் சுமையோடு உட்கார்ந்தான். இருள் விலகியதும் எழுந்து நடந்தான். அடுத்த தடவை புதர் தேட நேரமில்லை, பாதையிலேயே உட்கார்ந்தான். அதற்கு அடுத்த தடவை யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் நடந்த தூரம் சுருங்கிக்கொண்டே வந்தது.

சங்கிலிச் சந்தின் அடியில் அவன் சட்டத்தைக் கழற்றிக் கீழே வைத்தான். உட்கார்ந்தும் இருள் போகவில்லை. பாதையில் மல்லாந்து படுத்து, கால்களைப் பாறைமேல் தூக்கி வைத்தான். தலை தெளிந்தது. மேலே, வெகு மேலே, குடிலின் புகை தெரிந்தது. அவனுடைய அடுப்பின் புகை. இங்கிருந்து எழுந்தால் மறுபடி விழுவோம் என்பதும், இனி எப்போதும் அப்படித்தான் என்பதும் அவனுக்கு அப்போது எந்த மயக்கமும் இல்லாமல் புரிந்தது.

மத்தூஷ் பீப்பாயோடு வந்து நின்றான். பாறை விளிம்பில் சுமையைச் சாய்த்து, தோளை உருவிக்கொண்டு வந்தான். காஷ்பரின் சட்டத்திலிருந்து ரொட்டி மூட்டையை அவிழ்த்து, தன் பீப்பாய்க்கு மேல் வைத்து, நசுங்கிய விரல்கள் ஒத்துழைக்காமல் பல்லால் கயிற்றை இழுத்துக் கட்டினான்.

"திட்டுடா," என்றான் காஷ்பர்.

மத்தூஷ் முடிச்சைச் சரிபார்த்தான்.

"கிழக்கழுதைன்னு சொல்லுடா. நடுவழியில காலைத் தூக்கிப் போட்டுட்டுப் படுத்திருக்கேன், பாரு. சொல்லேன்டா."

மத்தூஷ் குனிந்து, காஷ்பரின் தொப்பியை எடுத்து மண் தட்டி, அவன் தலைக்கடியில் வைத்தான். "இறக்கிட்டு வரேன். இங்கயே இரு," என்றான். பிறகு சுமைக்குள் தோளைக் கொடுத்து எழுந்து, சங்கிலியைப் பிடித்தான்.

ஏறும் பூட்சின் சத்தமும் சங்கிலி பாறையில் உரசும் சத்தமும் மெல்ல மேலே போயின. வளைவில் ஒரு கணம் அவை நின்றன. அங்கிருந்து, திரும்பிப் பார்க்காமல், மத்தூஷ் சொன்னான்.

"மெதுவா வா, அவசரமில்ல."

படுத்திருந்ததால் காஷ்பருக்கு அது ஒரு எழுத்துவிடாமல் தெளிவாகக் கேட்டது.